இலைமேல் வைத்த கை

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்து ஒருமுறைகூடக் குறை சொல்லாத ஒரே மனுஷி எதிர்வீட்டு அக்காதான். தையல் மிஷினில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கழுத்து இறங்கிவிட்டது என்பார்கள், கை பிடிக்கிறது என்பார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருப்பவள் இதைவிட நன்றாகத் தைப்பாள் என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரு தீபாவளி அவசரத்தில் அக்காவின் ஜாக்கெட்டில் ஒரு கைக்குப் பார்டரை வைத்து, இன்னொரு கைக்கு வைக்காமலே கொடுத்துவிட்டேன். அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் ஒரு மாதிரி நல்லாத்தாங்க இருக்குது" என்றார். நான்தான் சண்டை போட்டுக் கழற்றி வாங்கித் திரும்பத் தைத்தேன்.

தியாகதுருகத்தில் கோட்டை மலைக்குக் கீழே எங்கள் தெரு. என் வீட்டு முன்னறையில் தையல் மிஷின், நேர் எதிரே அவர் வீட்டு வாசல். அவர் கணவருக்கு ஒரு டிராக்டர் உண்டு. கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு அடிப்பார். வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு அங்கேயே தூங்கி எழுந்து வருவார். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். அதனால் அக்கா பாதி நாள் தனியாகத்தான் இருப்பார். நான் பேசிக்கொண்டே தைப்பேன், அவர் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார். நான் எது சொன்னாலும் "சரிங்க" என்பார்.

எனக்கு மட்டுமா, ஊருக்கே "சரிங்க"தான். பால்காரருக்கு "ங்க", என் நான்கு வயது மகளுக்கும் "ங்க". பாத்திரக்காரர் வந்து பழைய புடவைக்குக் குண்டான் தருகிறேன் என்றால் சரிங்க. அவர் தெருமுனை திரும்புவதற்குள் இன்னொருவர் வந்து அதையே கேட்டால் அவருக்கும் சரிங்க. ஒருமுறை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம், ஒன்று கள்ளக்குறிச்சியில், இன்னொன்று சின்னசேலத்தில். இரண்டு வீட்டுக்காரர்களிடமும் தாலி கட்டும்போது அங்கே இருப்பதாக ஒப்புக்கொண்டார். கடைசியில் பஸ்ஸில் அலைந்து இரண்டு இடத்திலும் தாலி கட்டி முடித்த பிறகு போய்ச் சேர்ந்தார். "ஒருத்தர்கிட்ட வரமாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?" என்று கேட்டேன். "ஆசையா கூப்டுறாங்க, எப்படிங்க சொல்றது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஊசி உடைந்தது.

பந்தியில் அவரைப் பார்க்க வேண்டும். போதும் என்றால் நாமெல்லாம் இலைக்கு மேல் கையை நீட்டித் தடுப்போம் இல்லையா, அப்படி அவர் கை நீட்டி யாரும் பார்த்ததில்லை. பரிமாறுகிறவர் வாளியைச் சாய்த்தால் இவர் இடம் ஒதுக்கிக் கொடுப்பார். போட்டதை எல்லாம் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஓமத் தண்ணீர் குடிப்பார்.

அவராக விரும்பிச் சாப்பிட்டது ஒன்றே ஒன்று, மீல் மேக்கர். சின்ன மகன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக, கல்வராயன் மலையில் இருக்கும் குலசாமிக்கு வேண்டிக்கொண்டு கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆண்களுக்கு ஆட்டுக்கறி ஆக்கித் தர வேண்டும். அதே மசாலாவில் ஒரு கை எடுத்து, தனியாக ஒரு சின்னச் சட்டியில் தனக்கு மீல் மேக்கர் குழம்பு வைத்துக்கொள்வார். சுடுதண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி பிழிவார். "ரெண்டாந்தடவ புழியலன்னா வாடை போவாதுங்க" என்பார். அவர் இவ்வளவு உறுதியாகச் சொல்லி நான் கேட்ட ஒரே வாக்கியம் அதுதான். கறிக்குழம்பைவிட அந்தச் சட்டிதான் எங்கள் வீடு வரைக்கும் மணக்கும்.

நோயையும் அவர் போகிற போக்கில்தான் சொன்னார். ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். "இந்தப் பக்கம் டேப்பை இறுக்காதீங்க, ஒரு கட்டி இருக்குது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டால், போன பொங்கலுக்கு முன்னாடியே இருந்தது என்கிறார். ஏன் சொல்லவில்லை என்றால், "யாரும் கேக்கலீங்க" என்கிறார். அன்றைக்கு நான் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டிருக்கும். மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி, அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். மார்புப் புற்றுநோய் என்றார்கள். வலது பக்கம் எடுத்தாயிற்று. அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ ஊசி.

பயப்பட வேண்டாம், அக்கா இன்றைக்கும் இருக்கிறார். மகனோடு ஓசூரில் நன்றாக இருக்கிறார். எதிர்வீட்டு வாசல் பூட்டிக் கிடப்பதுதான் எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் ஊரே பார்க்க வந்தது. எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள், வெறும் வாயோடும் வர மாட்டார்கள். ஆப்பிளோ சாத்துக்குடியோ வைத்துவிட்டு, எதைச் சாப்பிடக் கூடாது என்று ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சொல்லாமல் போனால் அக்கறை இல்லை என்று ஆகிவிடும் போல. கத்தரிக்காய் ஆகாது, புண்ணு ஆறாது என்றார் ஒருவர். துவரம்பருப்பு வாயு என்றார் இன்னொருவர். வேர்க்கடலை பித்தம், பால் குடித்தால் கட்டி வளரும், தயிர் குளிர்ச்சி. வந்தவர்களுக்கெல்லாம் நம் அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சொன்னதோடு விட்டாரா? அத்தனையும் கடைப்பிடித்தார். எது யார் சொன்னது என்றுகூட மனப்பாடமாக வைத்திருந்தார். கத்தரிக்காய் ரிஷிவந்தியத்துக்காரர் சொன்னது, பருப்பு கணவரின் சித்தப்பா சொன்னது. அவர்கள் மறுபடி வரும்போது, "நீங்க சொன்னதிலேந்து தொடலீங்க" என்று காட்டுவார். வந்தவர் முகம் மலர்ந்து போவார். ஒவ்வொருவருக்கும் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார் அக்கா.

கடைசியில் மிஞ்சியது மீல் மேக்கர். அதையும் நைனார்பாளையத்து நாத்தனார் வந்து எடுத்துக்கொண்டார். கணவரின் அக்கா அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆபரேஷனுக்குப் பிறகு தன் வீட்டை விட்டுவிட்டு இங்கேயே தங்கி, தண்ணீர் எடுத்து, துணி துவைத்து, அக்காவுக்குத் தலை வாரிவிட்டவர். தலைமுடி கொத்தாகக் கையோடு வந்த அன்றைக்குக் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி சோறு வடித்தவர். அவர் மகன் ஏதோ ஒரு வீடியோவை போனில் காட்டியிருக்கிறான். சோயாவில் பொம்பளை ஹார்மோன் இருக்கிறது, அது இந்த நோய்க்குத் தீனி போடும் என்று அதில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார். மீல் மேக்கர் சோயாவில் செய்வது என்றே அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

"இன்னாத்துக்கும்மா இந்த விஷப் பரீட்ச? அதைத் துன்னாமதான் இருந்துட்டுப் போயேன்" என்றார் நாத்தனார்.

"சரிங்க அண்ணி."

அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டது கஞ்சியும் ரச சாதமும்தான். யாருக்கும் அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. ஜாக்கெட்டின் ஒரு பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். "ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டமே இருக்குதுங்க" என்று கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த ஜாக்கெட்டே அடுத்த மாதம் தொளதொள என்று தொங்கியது. பக்கத் தையலை உள்ளே பிடித்துக் கொடுத்தேன். அது மறுபடி தொங்கியது. இனிமேல் பிடிக்கத் துணியில் இடம் இல்லை.

கரும்பு சீசன் உச்சத்தில் இருந்ததால் அடுத்த ஊசிக்குக் கணவரால் வர முடியவில்லை, நான் கூடப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கூப்பிட்டார். சின்ன வயதுதான், நிதானமாகப் பேசினார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. எடையும் இறங்கிக்கிட்டே வருது. இந்த உடம்போட அடுத்த ஊசியை என்னால போட முடியாது. தள்ளித்தான் போடணும். தள்ளிப் போட்டுக்கிட்டே போறது நல்லதில்ல. என்ன சாப்பிடறீங்க?"

அக்கா சிரித்துக்கொண்டே, "எல்லாம் சாப்பிடறங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கத்தரிக்காயிலிருந்து மீல் மேக்கர் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கறி, முட்டை இல்ல, பருப்பு இல்ல, பால் இல்ல, சோயாவும் இல்ல. அப்புறம் சத்து எங்கேந்து வரும்? சோயாவை யாரு வேணாம்னது?"

நாத்தனாரைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல், "நானேதாங்க உட்டுட்டேன்" என்றார் அக்கா.

"அதுல இருக்கறது நம்ம ஹார்மோன் மாதிரி கொஞ்சம் இருக்கும், ஆனா அதுவே கிடையாது. மீல் மேக்கர், சோயா பயறு, சோயா பால், இதெல்லாம் சாப்பாடா அளவோட சாப்பிட்டா பயமே இல்ல. தாராளமா சாப்பிடுங்க. பருப்பையும் தயிரையும்கூட ஆரம்பிங்க. ஒண்ணு மட்டும். சோயாவோட சாரத்தை எடுத்து மாத்திரை, பவுடர்னு விப்பாங்க. அதை மட்டும் என்னைக் கேக்காம எடுக்காதீங்க."

"சரிங்க" என்றார் அக்கா.

திரும்பி வரும் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். மெதுவாக, "அண்ணிக்கும் சரின்னுட்டேன், டாக்டருக்கும் சரின்னுட்டேன். இப்ப இன்னாங்க பண்றது?" என்றார். இரண்டு கல்யாணத்துக்கும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்ட அதே முகம். ஆனால் இந்த முறை பஸ் பிடித்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை. டாக்டர் சொன்னதை அண்ணியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன். "அவங்க பயந்துக்கினு இருக்காங்க. மனசு வெச்சி சொன்னதைத் தட்டுனா, நாம செஞ்சதெல்லாம் வேணாம்னுட்டாளேன்னு நெனைப்பாங்க" என்றார்.

அதனால் திருட்டுத்தனம் தொடங்கியது. என் அடுப்பில் நான் மீல் மேக்கர் வைப்பேன். அளவு கொடுக்க வருகிற மாதிரி துணிப்பையோடு வந்து, மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அக்கா சாப்பிட்டுவிட்டுப் போவார். பருப்பும் தயிரும்கூட என் வீட்டில்தான். வலது கையில் பாரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவரால் பிழிய முடியாது. நான் பிழிந்தது அவருக்குத் திருப்தி இல்லை என்று முகம் சொல்லும், வாய், "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லும். ரத்தம் ஏறியது. தள்ளிப்போன ஊசியைப் போட்டார்கள். நான் ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனவள் மாதிரி தெருவில் நடந்தேன்.

அடுத்த ஊசிக்கு முன்னால்தான் குலசாமிக்குக் கெடா வெட்டு வந்தது. அதுவரை வந்து வந்து போய்க்கொண்டிருந்த நாத்தனார், அதற்காகப் பத்து நாள் முன்பே வந்து தங்கிவிட்டார். அக்காவால் தெருவைத் தாண்டி வர முடியவில்லை. துணிப்பையை எடுத்தால், "நீ ஏம்மா அலையற, என்கிட்டக் குடு" என்று நாத்தனாரே வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் நிற்பார். மறுபடி கஞ்சி, மறுபடி ரசம். வாசலில் நிற்கும்போது அக்காவின் கன்னம் ஒட்டிப்போவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மலையிலிருந்து இறங்கிய மறுவாரம் ரத்தப் பரிசோதனை. மறுபடி தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நினைக்கவே பிடிக்கவில்லை.

வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினால் காற்றே வேறு. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் சாமி. பொங்கல் வைத்து, கெடா வெட்டி, மதியத்துக்குப் பந்தி போட்டார்கள். வேண்டுதலுக்குக் கவுச்சி விட்டவர்களுக்கு முதலில் தனிப் பந்தி. அவர்களுக்கென்று ஒரு குண்டான் நிறைய மீல் மேக்கர் குழம்பு. பரிமாறியது நாத்தனார்.

நான் அக்காவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தேன். நான் கறி தின்கிறவள்தான், அன்றைக்கு மட்டும் விரதம் என்று பொய் சொல்லி அங்கே உட்கார்ந்தேன். நாத்தனார் ஒவ்வொரு இலையாகக் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்தார். அக்காவின் இலையைத் தாண்டி என் இலைக்கு வந்தார். கடைசி இலை வரை போய்விட்டு, ரச வாளியை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் திரும்பி வந்தார். கரண்டியைச் சாய்த்தார்.

அக்கா இலைக்கு மேல் கையை வைத்தார்.

இடது கை. வலது கையை உயர்த்தினால் வலிக்கும் என்று இடது கையை நீட்டியிருந்தார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சூடான ரசம் புறங்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

"ரசம் வேணாம் அண்ணி. அதைப் போடுங்க."

நாத்தனாருக்குப் புரியவே கொஞ்சம் நேரம் ஆயிற்று. "இன்னாம்மா, அது ஆவாதுன்னு சொன்னமில்ல?"

"டாக்டரம்மா துன்னச் சொல்லியிருக்காங்க. மாத்திரை, பவுடருதான் கூடாதாம், சாப்பாடா சாப்ட்டா ஒண்ணும் பண்ணாதாம். உங்ககிட்டச் சொல்லாம இவங்க வூட்டுல துன்னுக்கினு இருந்தேன். இனிமே அப்படி முடியாது அண்ணி. எனக்கு அடுத்த ஊசி போடணும்."

நாத்தனார் ரச வாளியைக் கீழே வைத்தார். "ஏதாச்சும் ஒண்ணு ஆயிடுச்சின்னா? என் தம்பிக்கு யாரு பதில் சொல்றது?"

"துன்னாமலே இருந்தா நானே இருக்கமாட்டேன் அண்ணி" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. எப்போதும் "சரிங்க" என்று சொல்லும் அதே குரல்தான். அதுதான் எனக்கு அழுகையை வரவைத்தது.

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். போய்க் குழம்பு வாளியை எடுத்து வந்தார். முதலில் இரண்டே துண்டு போட்டார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் இன்னொரு கரண்டி போட்டார், பிறகு இன்னொன்று.

அக்கா ஒரு வாய் எடுத்து மென்றார். "இது ரெண்டாந்தடவ புழியல அண்ணி" என்றார். நாத்தனார் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். மறுவாரம் ரத்தம் தேறாவிட்டாலும் இறங்கவில்லை. ஊசியைத் தள்ளவில்லை, சொன்ன தேதியிலேயே போட்டார்கள். நாத்தனார் அதற்கப்புறம் நைனார்பாளையத்திலிருந்து வரும்போதெல்லாம் மீல் மேக்கர் பாக்கெட்டோடுதான் வருவார், ஏதோ தான்தான் கண்டுபிடித்த மாதிரி.

ஊசியெல்லாம் முடிந்து அக்காவுக்குக் கோரைப்புல் மாதிரி முடி முளைக்கத் தொடங்கியிருந்த சமயம், என்னிடம் ஜாக்கெட் தைக்கும் ஒரு பெண் சத்துப் பொருள் விற்பனையில் சேர்ந்திருந்தாள். டப்பா ஒன்றைக் காட்டினாள். சோயாவின் சாரம், ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு கிலோ சாப்பிட்ட பலன் என்றாள். எனக்கு அப்போது சோயா என்றாலே நம் வீட்டுப் பிள்ளை. டாக்டரம்மா சொன்னது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினேன்.

"அக்கா, இதைக் காலையில பால்ல கலந்து குடிங்க. உடம்பு சும்மா கிண்ணுன்னு ஆயிடும். நான் சொல்றேன்ல."

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் பெரிய குண்டானும் சின்னச் சட்டியும் கொதித்துக்கொண்டிருந்தன. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து டப்பாவை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிங்க" என்ற வார்த்தை வருவதற்காக நான் நின்றுகொண்டிருந்தேன்.

டப்பாவின் மூடியில் கையை வைத்தார்.

"இது வேணாங்க. சாப்பாடாத்தான் துன்னச் சொன்னாங்க, இதை இல்ல. நீங்களும்தானே பக்கத்துல உக்காந்து கேட்டீங்க?"

டப்பாவை என் கையிலேயே திரும்ப வைத்தார். எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றுதான் இருந்தது. என்னிடமே வேண்டாம் என்கிறாரே. அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுப்பைத் தணித்துவிட்டு இரண்டு தட்டு எடுத்து வைத்தார்.

"குழம்பு ஆயிடுச்சி. உக்காருங்க, சாப்ட்டுப் போலாம்."

நான் அப்போதுதான் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். வயிற்றில் இடமே இல்லை.

"சரிங்க" என்று உட்கார்ந்தேன்.